முதுகுவலி உள்ள முதியோருக்கு ஏற்ற படுக்கை நிலை

முதுகுவலியால் உறக்கம் கெடும் முதியவருக்குப் புதிய மெத்தை வாங்கும் முன், இப்போதுள்ள படுக்கையில் அவருடைய உடல் எங்கெல்லாம் தாங்கலின்றி இருக்கிறது என்று பார்த்து, அந்த இடைவெளிகளை நிரப்புங்கள். பெரும்பாலும் வீட்டில் இருக்கும் தலையணைகளும் போர்வைகளுமே இதற்குப் போதும்.

மல்லாந்து படுப்பவருக்கு முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணையையோ சுருட்டிய போர்வையையோ வைக்கலாம். காலை நீட்டிப் படுத்தால் இடுப்பின் முன்பக்கத் தசைகள் கீழ்முதுகை இழுத்து அதன் வளைவைக் கூட்டும்; முழங்கால் சற்று மடங்கினால் அந்த இழுப்பு தளரும். வயதானவர்களில் பலருக்குத் தண்டுவடம் செல்லும் பாதை குறுகியிருப்பதால், முதுகை நிமிர்த்தும்போது வலி கூடி, சிறிது வளைக்கும்போது குறைகிறது. அவர்களுக்கு இந்த நிலை மிகவும் ஒத்துவரும். முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கு மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இப்படி வைக்க வேண்டாம். மூட்டு மடங்கியபடியே இறுகிவிடக்கூடும்.

ஒருக்களித்துப் படுப்பவருக்கு இரு முழங்கால்களுக்கும் இடையில், கணுக்கால் வரை எட்டும்படி ஒரு தலையணை வேண்டும். அது இல்லாவிட்டால் மேல் கால் முன்னே சரிந்து இடுப்பை முறுக்கும். தலைக்கு வைக்கும் தலையணை, தோளுக்கும் காதுக்கும் இடையிலுள்ள வெளியை நிரப்பும் உயரத்தில் இருந்தால் கழுத்து நேராக நிற்கும். இடை ஒடுங்கியவர்களுக்கு, இடைக்கும் மெத்தைக்கும் நடுவிலுள்ள வெளியில் ஒரு துண்டை மடித்து வைப்பதும் நல்லது. கூன் விழுந்தவரைத் தலையணையின்றி மட்டமாகப் படுக்கச் சொல்லி வற்புறுத்துவது தவறு. தலையும் தோளும் தாங்கப்படும் அளவுக்கு உயர்த்துங்கள். குப்புறப் படுத்தால் கழுத்து ஒரு பக்கமே திரும்பியிருக்கும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது.

முதுகுவலி என்றதும் தரையிலோ பலகையிலோ படுக்கச் சொல்வது நம் வீடுகளில் வழக்கம். ஆனால், நாள்பட்ட கீழ்முதுகுவலி உள்ள 313 பேரிடம் ஸ்பெயினில் நடத்தப்பட்டு 2003-இல் வெளியான ஆய்வில், கடினமான மெத்தையைவிட நடுத்தர உறுதியுள்ள மெத்தையே கூடுதல் பலன் தந்தது. தரையிலிருந்து எழுவதே முதியவருக்குப் பெரும்பாடு என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தால் இரு பாதங்களும் தரையில் முழுமையாகப் பதியும் உயரமே சரியான உயரம்.

எழும்போதுதான் பலருக்கு வலி வெட்டி இழுக்கிறது. மல்லாந்த நிலையிலிருந்து நேராக எழாமல், முழங்கால்களை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி ஒருக்களிக்கச் சொல்லுங்கள். பிறகு கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கிக்கொண்டே, முழங்கையையும் மறு உள்ளங்கையையும் ஊன்றி எழலாம். எழுந்ததும் தலைசுற்றல் வரக்கூடும். ஓரிரு நிமிடம் உட்கார்ந்திருந்த பின்பே நடக்க வேண்டும். துணைக்கு இருப்பவர் கையைப் பிடித்து இழுக்காமல், தோளுக்குப் பின்னால் தாங்கிக்கொள்வதே பாதுகாப்பு.

தானாகப் புரள முடியாதவரைச் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்து, குதிகால் மெத்தையில் அழுந்தாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். கால் மரத்துப்போதல், கால் பலவீனம், சிறுநீர் அல்லது மலம் அடக்க முடியாமை, காய்ச்சல், விழுந்த பின் தொடங்கிய கடும் வலி ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், தலையணையை மாற்றி மாற்றி வைத்துக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.