டச்சு வாக்கியத்தில் வினைச்சொல்லை எங்கே வைப்பது?

சொற்கள் தெரிந்தும் என் டச்சு வாக்கியங்கள் தவறிக்கொண்டே இருந்ததற்குக் காரணம் வினைச்சொல்லின் இடம்தான் என்பது எனக்கு மிகத் தாமதமாகவே விளங்கியது.

முதல் படி: தனி வாக்கியத்தில், எழுவாய்க்கும் காலத்துக்கும் ஏற்ப மாறும் வினையை இரண்டாம் இடத்தில் வையுங்கள். 'இக் வெர்க் மோர்கன்' என்றால் நான் நாளை வேலை செய்கிறேன். 'மோர்கன்' முன்னால் வந்தால் 'மோர்கன் வெர்க் இக்' என்று எழுவாய் வினைக்குப் பின்னே நகரும்.

இரண்டாம் படி: 'ஓம்டாட்' போன்ற இணைப்புச்சொல்லில் தொடங்கும் சார்பு வாக்கியத்தில் வினை இறுதிக்குப் போகும். 'ஓம்டாட் இக் ஸீக் பென்' என்றால் எனக்கு உடல்நலமில்லாததால். வினையை இறுதியில் வைத்தே பழகிய நமக்கு இது எளிது.

மூன்றாம் படியில்தான் நான் நெடுநாள் இடறினேன். சார்பு வாக்கியம் முன்னால் வரும்போது, அது எத்தனை நீளமாக இருந்தாலும், அது முழுவதுமே முதல் இடம். ஆகவே காற்புள்ளியை அடுத்து உடனே வினை வரவேண்டும்: 'ஓம்டாட் இக் ஸீக் பென், ப்ளெய்ஃப் இக் தௌஸ்', அதாவது உடல்நலமில்லாததால் வீட்டில் இருக்கிறேன். நான் 'இக் ப்ளெய்ஃப்' என்றே எழுதிவந்தேன். சார்பு வாக்கியத்தைச் சுற்றி ஒரு பெட்டி வரைந்து 1 என்று எண்ணிட்டு, அடுத்த சொல்லுக்கு 2 என்று எண்ணிடத் தொடங்கிய பிறகே அந்தப் பிழை நின்றது. இதற்குச் செயலிகளைவிடத் தாளும் பென்சிலுமே சிறந்தவை என்பது என் உறுதியான கருத்து.

நான்காம் படி: பிரியும் வினைகள். தொலைபேசியில் அழைப்பதைக் குறிக்கும் 'ஓப்பெல்லன்', தனி வாக்கியத்தில் பிரிந்து 'இக் பெல் யௌ மோர்கன் ஓப்' (நான் உன்னை நாளை அழைக்கிறேன்) என்றாகும். சார்பு வாக்கியத்தில் 'ஓம்டாட் இக் யௌ மோர்கன் ஓப்பெல்' என்று மீண்டும் ஒட்டிக்கொள்ளும்.

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் 'ஓப்', 'ஆன்' போன்ற முன்னிடைச்சொற்களை வினையோடு சேர்த்தே மனனம் செய்யுங்கள். காத்திருப்பது 'வாக்டன் ஓப்', நினைப்பது 'டெங்கன் ஆன்'. 'ஓப்' என்பதற்கு 'மேல்' என்று பொருள் சொல்லும் அகராதி இங்கே உதவாது. பேருந்துக்காகக் காத்திருந்தால் 'ஓப் டெ பஸ்'. அந்தப் பேருந்தை 'அதற்காக' என்று சுட்டினால் 'எரோப்'. ஆளைச் சுட்டும்போது மட்டும் 'ஓப் ஹெம்' (அவனுக்காக) என்றே வரும்.

பின்சேர்க்கை: 'வான்ட்' (ஏனெனில்) என்பதும் காரணம்தானே சொல்கிறது, பிறகு ஏன் வினை நகரவில்லை என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அது இரண்டு தனி வாக்கியங்களை இணைக்கும் சொல். ஆகவே 'இக் ப்ளெய்ஃப் தௌஸ், வான்ட் இக் பென் ஸீக்' என்பதில் 'பென்' தன் இரண்டாம் இடத்திலேயே நிற்கிறது, 'வான்ட்' எண்ணிக்கையில் சேராது.