பிராட்பேண்ட் இணைப்பை வீட்டிலுள்ள மற்றொருவர் பெயரில் எடுப்பது

பிரிட்டனில் பிராட்பேண்ட் ஒப்பந்தம் முடிந்ததும் மாதக் கட்டணம் பெரும்பாலும் உயர்ந்துவிடும் என்பதால், அந்நாட்டின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமின் விதிப்படி 10 முதல் 40 நாட்களுக்கு முன்பே நிறுவனம் அனுப்பும் அறிவிப்பு கைக்கு வந்ததும் செயலில் இறங்கிவிடுங்கள். முதலில் தொலைபேசியில் அழைத்து, புதிய வாடிக்கையாளருக்குத் தரும் விலையையே கேளுங்கள். மறுத்துவிட்டால், கணவர் பெயரிலுள்ள இணைப்பை முடித்துக்கொண்டு மனைவி பெயரில் புதிதாக எடுக்கலாம். ஆனால் ஒரே முகவரியில் வசிப்பவரைப் புதியவராக ஏற்காத நிறுவனங்களும் உண்டு என்பதால், சலுகையின் நிபந்தனைகளை வரிவரியாகப் படித்துவிடுவது அவசியம். எங்கள் வீட்டில் புதிய இணைப்பு வருமுன்னரே பழையதை நிறுத்தியதால், பிள்ளைகள் இணையமின்றித் தவித்தனர். ஆகவே இரண்டு தேதிகளையும் ஒத்துப்பார்த்துக்கொள்ளுங்கள். பழைய இணைப்பை ரத்து செய்தால் லேண்ட்லைன் எண்ணும் போய்விடக்கூடும். அதைத் தக்கவைக்க முடியுமா என்று முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.