காட்டுக் காற்றில் மகரந்தம் எண்ணும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியின் முக்கூர்த்தி தேசியப் பூங்கா மாதிரி, சோலையும் புல்வெளியும் மாறி மாறி வரும் மலைக்காட்டில் எந்த மாதம் எந்தச் செடியின் மகரந்தம் பறக்கிறது என்று கணக்கெடுக்கக் கிளம்புகிறீர்களா? முதலில், கண்ணைப் பறிக்கிற பூவை மறந்துவிடுங்கள். 2018இல் மேற்குத் தொடர்ச்சி மலையில் நீலக்குறிஞ்சி பூத்தபோது அத்தனை கூட்டம் போய்ப் பார்த்தது, ஆனால் குறிஞ்சியின் மகரந்தம் தேனீயின் உடம்பில் ஒட்டிக்கொண்டு போவதற்கானது, காற்றில் பெரிதாக வராது. யாரும் நின்று பார்க்காத புல்லும் பைன் மரமும்தான் காற்றை நம்பி மகரந்தம் தூவுகின்றன. மலை நிறைய பூ, மகரந்தம் பிடிக்கும் கருவியில் ஒன்றுமே இல்லையே என்று குழம்புகிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்.

அடுத்தது, கருவியை எங்கே வைப்பது என்பது. 1952இல் ஹிர்ஸ்ட் என்ற விஞ்ஞானி வடிவமைத்த வகைக் கருவி நிமிடத்துக்கு 10 லிட்டர் காற்றை உறிஞ்சும், உள்ளே பசை தடவிய டேப் மணிக்கு 2 மி.மீ. நகரும், எந்த மணி நேரத்தில் எது வந்து ஒட்டியது என்று அதில் பார்க்கலாம். இதைக் காவலர் குடியிருப்புக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுவது எல்லோருக்கும் வசதி. அங்கே ஒரு சீகை மரமோ (வாட்டில் என்ற அயல்நாட்டு மரம்) பைனோ நின்றால் போச்சு, வருஷம் முழுக்க அந்த ஒரு மரத்தைத்தான் எண்ணிக்கொண்டிருப்பீர்கள். புல்வெளியில் தரையோடு தரையாக வைத்தாலும் இதே கதை, சுற்றியிருக்கும் புல் மட்டும் அள்ளிக்கொண்டு வரும். நாலா பக்கமும் காற்று வந்து போகும் இடத்தில், மரங்களை விட்டு விலகி, உயரத்தில் வையுங்கள், வைத்த பிறகு பாதியில் இடம் மாற்றாதீர்கள். இரண்டு இடத்து எண்களை ஒரே வரிசையில் கோத்தால் அந்தத் தொடருக்கு அர்த்தமே இல்லை.

மின்சாரம் பெரிய தலைவலி. காட்டுக்குள் சோலாரும் பேட்டரியும்தான் கதி, தென்மேற்குப் பருவமழையில் நாள்கணக்காக மூடுபனி நின்றால் பேட்டரி இறங்கிவிடும், மோட்டார் நிற்காமலே உறிஞ்சுவது மட்டும் குறையும். 10 லிட்டர் 8 லிட்டராகிவிட்டது தெரியாமல் நீங்கள் பழைய கணக்கிலேயே வகுத்தால், ஐந்தில் ஒரு பங்கு மகரந்தம் காணாமல் போகும். வாரம் ஒருமுறை டேப் மாற்றும்போது காற்றோட்ட மானியை வைத்து அளந்து எழுதுங்கள், காற்று நுழையும் துளையில் சிலந்தி வலை கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். இன்னொன்றை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்: கருவி ஓடாத நாளுக்கு 0 என்று போடாதீர்கள். ஓடியும் ஒன்றும் விழாத நாளுக்குத்தான் 0. இரண்டையும் கலந்துவிட்டால், மழைக்காலத்தில் மகரந்தமே இல்லை என்ற பொய்யான முடிவு வந்து நிற்கும், அதைப் பிறகு யாராலும் பிரித்தெடுக்க முடியாது.

மின்சாரமே வேண்டாம் என்று வாஸ்லின் தடவிய ஸ்லைடை இரண்டு தட்டுகளுக்கு நடுவே வைப்பதும் உண்டு. தவறில்லை, ஆனால் அதில் கிடைப்பது ஒரு சதுர சென்டிமீட்டரில் விழுந்தது எவ்வளவு என்பதுதான். அதை ஒரு கன மீட்டர் காற்றில் இவ்வளவு என்று மாற்றி எழுதக் கூடாது. காரணம், பெரிய மகரந்த மணிகள் சீக்கிரம் விழும், சின்னவை மிதந்து போய்விடும்.

அப்புறம் மைக்ரோஸ்கோப். பைன் மகரந்தத்தை ஒருமுறை பார்த்தால் மறக்காது, நடுவில் உடல், இரு பக்கமும் இரண்டு காற்றுப் பைகள். அந்தப் பைகளோடு அது வெகுதூரம் பறக்கும், ஆகவே ஸ்லைடில் பைன் இருக்கிறது என்பதற்காகப் பூங்காவுக்குள் பைன் பெருகிவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். சீகை வேறு மாதிரி, 16 மணிகள் ஒட்டிக்கொண்டு ஒரே வில்லையாக வரும். அதை ஒன்றாக எண்ணுவதா பதினாறாகவா என்று முதல் நாளே முடிவுசெய்து நோட்டில் எழுதி வையுங்கள். ஆள் மாறும்போது எண்ணும் முறையும் மாறினால், சீகையை வெட்டி அகற்றிய பிறகு காற்றில் அது குறைந்ததா என்று உங்கள் தரவை வைத்துச் சொல்லவே முடியாது. எனக்கு இந்த வேலையின் முக்கியமான பயனே அதைச் சொல்ல முடிவதுதான். புல் இன்னும் கஷ்டம்: எல்லாமே உருண்டையாக, ஒற்றைத் துளையோடு இருக்கும், சாதாரண மைக்ரோஸ்கோப்பில் புல் குடும்பம் என்பதோடு நிறுத்திக்கொள்வதுதான் நேர்மை.

ஒப்பிட்டுப் பார்க்க அந்தக் காட்டுச் செடிகளின் மகரந்த ஸ்லைடுகள் கையில் வேண்டும், வெளிநாட்டுப் படப் புத்தகம் சோலை மரங்களுக்கு உதவாது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் பெரிய சேகரிப்பு இருக்கிறது. நீங்களே பூப் பறித்துச் செய்யலாம் என்றால், அனுமதி இல்லாமல் ஒரு கொத்துகூடப் பறிக்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி ஆராய்ச்சிக்காக உள்ளே நுழையவே அனுமதி வாங்க வேண்டும், கருவி வைப்பதையும் பூ எடுப்பதையும் ஒரே விண்ணப்பத்தில் தனித்தனியாகக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

கடைசியாக, ஜனவரி முதல் டிசம்பர் வரை என்று கூட்டுவது. ஏதாவது ஒரு செடி டிசம்பரில் தொடங்கி பிப்ரவரி வரை தூவினால், அதன் ஒரே பருவத்தை நீங்களே இரண்டாக வெட்டி இரண்டு வருஷத்துக்குப் பங்கு போட்டுவிடுவீர்கள். அந்தச் செடிக்கு மகரந்தம் மிகக் குறைவாக இருக்கும் மாதத்திலிருந்து ஆண்டைத் தொடங்குங்கள். ஒரே வருஷத்துத் தரவை வைத்து மகரந்த நாட்காட்டி போடுவதும் வேண்டாம், அந்த வருஷம் மழை தள்ளிப்போயிருந்தால் நாட்காட்டியும் கூடவே தள்ளிப்போயிருக்கும்.