விண்டோஸ் 11-க்கு மாறியதும் நாஸ் திறக்கவில்லையா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் பக்கம் பல ஸ்டுடியோக்களிலும் டி.டி.பி. கடைகளிலும் ஆடிட்டர் ஆபீஸ்களிலும் மூலையில் ஒரு நாஸ் பெட்டி (எல்லாக் கம்ப்யூட்டர்களும் நெட்வொர்க் வழியாகப் பயன்படுத்தும் பொது டிஸ்க்) ஓடிக்கொண்டிருக்கும். கல்யாண ஆல்பம், தமிழிலும் மலையாளத்திலும் அடித்த பத்திரிகை டிசைன்கள், பழைய வருடக் கணக்குகள் எல்லாம் அதற்குள்தான். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்ததால் பலரும் 11-க்கு மாறினார்கள். மாறிய கையோடு, கம்ப்யூட்டரில் நாஸைக் காட்டும் இசட் டிரைவின்மேல் சிவப்புக் குறி. பெட்டியில் விளக்கு எரிகிறது, போனில் ஆப் வழியாகப் பார்த்தால் படங்கள் தெரிகின்றன, கம்ப்யூட்டரில் மட்டும் திறக்கவில்லை.

அநேகமாக உங்கள் பெட்டிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. விண்டோஸ்தான் முன்பு கண்டுகொள்ளாமல் விட்டதை இப்போது விடுவதில்லை. 24எச்2 பதிப்பிலிருந்து புரொ, எண்டர்பிரைஸ், எஜுகேஷன் வகைகளில் இரண்டு கட்டுப்பாடுகள் இருக்கின்றன. ஃபைல் பகிர்வில் போகும் ஒவ்வொரு தகவலிலும், வழியில் யாரும் மாற்றவில்லை என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம் கட்டாயம். பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் நுழைவு கிடையாது. இவை போக, என்.டி.எல்.எம். முதல் பதிப்பு என்ற பழைய அடையாளச் சரிபார்ப்பு முறையையே விண்டோஸிலிருந்து எடுத்துவிட்டார்கள். எஸ்.எம்.பி. 1 என்ற பழைய ஃபைல் பகிர்வு நெறிமுறை 2017-லிருந்தே புதிய இன்ஸ்டாலேஷன்களில் வருவது படிப்படியாக நின்றுபோனது. பத்து வருடம் முன்பு வாங்கிய பெட்டி என்றால் இதில் ஏதாவது ஒன்றில் இடிக்கும்.

ரீசெட் பட்டனை அழுத்துவது, டிஸ்க்கை வெளியே எடுப்பது

முதலில் இதைச் சொல்லக் காரணம், மற்ற தவறுகளைத் திருத்திவிடலாம், இதைத் திருத்துவது கடினம். பெட்டியின் பின்னால் உள்ள சின்ன ஓட்டையில் ஊசி விட்டு ரீசெட் செய்தால், கம்பெனியையும் எத்தனை நொடி அழுத்தினீர்கள் என்பதையும் பொறுத்து அட்மின் பாஸ்வேர்டு மட்டும் போகலாம், யூசர்களும் ஷேர் (பகிர்ந்த ஃபோல்டர்) அமைப்புகளும் சேர்ந்தே போகலாம். பிரச்சினை விண்டோஸ் பக்கம் இருக்கும்போது இதனால் கிடைப்பது கூடுதல் வேலை மட்டுமே.

அதைவிட மோசம், டிஸ்க்கைக் கழற்றி யு.எஸ்.பி. கேபிளில் நேராகக் கம்ப்யூட்டரோடு சேர்ப்பது. நாஸ் பெட்டிகள் பெரும்பாலும் லினக்ஸில் ஓடுபவை. டிஸ்க்கில் இருப்பது இ.எக்ஸ்.டி.4 அல்லது பி.டி.ஆர்.எஃப்.எஸ். அமைப்பு. இரண்டு டிஸ்க் இருந்தால் இரண்டையும் ஒன்றாக இயக்கும் ரெய்டு முறையும் சேர்ந்திருக்கும். விண்டோஸுக்கு இது எதுவும் படிக்கத் தெரியாது. அதனால் "டிஸ்க்கை ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்" என்றோ, "இனிஷியலைஸ் செய்யுங்கள்" என்றோ கேட்கும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைத்து அங்கே ஓகே கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வி திரையில் வந்தால் கேன்சல் கொடுத்து, டிஸ்க்கை எடுத்த அதே இடத்தில், அதே வரிசையில் திரும்ப மாட்டுங்கள். கழற்றும்முன் முதல் ஸ்லாட், இரண்டாம் ஸ்லாட் என்று டேப்பில் எழுதி ஒட்டாமல் எந்த நாஸ் டிஸ்க்கையும் தொடாதீர்கள்.

மாற்றிய புதிதில் ஒரு வழி இருக்கிறது. அப்கிரேட் செய்த 10 நாட்களுக்குள் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி போய் 'கோ பேக்' கொடுத்தால் பழைய விண்டோஸ் திரும்ப வரும். நாளைக்கு ஆல்பம் டெலிவரி என்ற நெருக்கடிக்கு இது உதவும். ஆனால் டிஸ்க் கிளீனப் ஓட்டி பழைய விண்டோஸ் ஃபோல்டரை அழித்துவிட்டால் அந்த வழியும் அடைபடும்.

பிழைச் செய்தியைப் படிக்காமல் மூடுவது

என்ன கோளாறு என்று அந்தச் செய்தியே சொல்லும். போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு பிறகு மூடுங்கள்.

80070035 என்ற எண்ணோ 'நெட்வொர்க் பாத் கிடைக்கவில்லை' என்ற வாசகமோ வந்தால் பெரும்பாலும் பெட்டி இருக்கும் இடத்தையே கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கவில்லை; சில நேரம் கெஸ்ட் தடையிலும் இதே எண் வரும். இடமே கிடைக்காதபோது பாஸ்வேர்டு கேட்கும் கட்டமே இன்னும் வரவில்லை. 'அன்ஆதென்டிகேட்டட் கெஸ்ட் அக்சஸ்' என்ற சொற்கள் இருந்தால் கெஸ்ட் தடை. 'கிரிப்டோகிராஃபிக் சிக்னேச்சர்' என்று வந்தால் கையொப்பப் பிரச்சினை. எஸ்.எம்.பி. 1 பழசு, பாதுகாப்பில்லாதது என்று வந்தால் பெட்டியின் நெறிமுறைதான் காரணம். 1326 என்றால் யூசர் நேமோ பாஸ்வேர்டோ தப்பு. 1219 என்றால் அதே பெட்டியோடு வேறு யூசர் நேமில் ஏற்கெனவே இணைப்பு இருக்கிறது.

80070035 வந்தவர்கள் முதலில் ஐ.பி. முகவரியைப் பாருங்கள். துலாவர்ஷ (வடகிழக்குப் பருவமழை) மாதங்களில் சாயங்கால இடிமின்னலில் மோடம் போய்ப் புதிது வைத்திருந்தால், 192.168.1 வரிசை 192.168.0 ஆகியிருக்கலாம். பழி விண்டோஸ்மேல் விழும். எக்ஸ்புளோரர் முகவரிப் பட்டையில் \\192.168.1.20 என்பது போல உங்கள் பெட்டியின் இப்போதைய முகவரியை அடித்துப் பாருங்கள். எண்ணில் திறந்து பெயரில் திறக்காவிட்டால் சிக்கல் பெயரில் மட்டும்தான். ரவுட்டரில் டி.எச்.சி.பி. ரிசர்வேஷன் வைத்து முகவரி மாறாதபடி கட்டிவிடுங்கள். லேப்டாப் கெஸ்ட் வைஃபையிலோ போன் ஹாட்ஸ்பாட்டிலோ போய் ஒட்டிக்கொண்டிருந்தாலும் இதே எண்தான் வரும்.

நெட்வொர்க் பட்டியலில் பெட்டியின் படம் தெரியாததை மட்டும் வைத்து இணைப்பு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். அந்தப் பட்டியலுக்கான தேடல் தனி வேலை. பட்டியலில் இல்லாத பெட்டி, முகவரி அடித்தால் தாராளமாகத் திறக்கும்.

கெஸ்ட் நுழைவையே பிடித்துத் தொங்குவது

அதிகம் பேர் மாட்டுவது இங்கேதான். 'எங்கள் பெட்டியில் பாஸ்வேர்டே கிடையாது, எல்லோரும் திறக்கலாம்' என்ற ஏற்பாடு இத்தனை வருடம் ஓடியது. இப்போது ஓடாது. கையொப்பம் போடும் சாவி, யூசரின் பாஸ்வேர்டை வைத்து உருவாவது. கெஸ்ட்டுக்குப் பாஸ்வேர்டு இல்லை, ஆகவே சாவியும் இல்லை. அதனால்தான் கையொப்ப வசதி உள்ள நல்ல பெட்டிகூடச் சில நேரம் 'சிக்னேச்சர்' பிழை காட்டுகிறது.

இதில் மறைந்திருக்கும் இன்னொன்று: யூசர் நேமைத் தப்பாக அடித்தால் சில பெட்டிகள் 'தப்பு' என்று சொல்லாமல் உங்களைக் கெஸ்ட்டாக உள்ளே சேர்த்துக்கொள்ளும். நீங்கள் பாஸ்வேர்டு கொடுத்தும் கெஸ்ட் தடை வருகிறதா? யூசர் நேமின் எழுத்தைச் சரிபாருங்கள்.

செய்ய வேண்டியது இது. பிரவுசரில் பெட்டியின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து புது யூசர் ஒன்று உருவாக்குங்கள். ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளி இல்லாத பெயர் போதும். எந்தெந்த ஷேரில் படிக்க, எழுத அனுமதி என்று குறியுங்கள். யூசரை உருவாக்கிவிட்டு ஷேர் அனுமதியை மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. பிறகு கம்ப்யூட்டரில் கண்ட்ரோல் பேனல், யூசர் அக்கவுன்ட்ஸ், கிரெடென்ஷியல் மேனேஜர், விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ் என்று போங்கள். அந்தப் பெட்டியின் பெயரிலோ முகவரியிலோ உள்ள பழைய பதிவுகளை எல்லாம் நீக்கிவிட்டுப் புதிது சேருங்கள். பெயருக்கு ஒரு பதிவு, எண்ணுக்கு ஒரு பதிவு என்று விண்டோஸ் தனித்தனியாக வைத்திருக்கும். இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றினால் ஒரு நேரம் திறக்கும், ஒரு நேரம் திறக்காது. யூசர் நேமைப் பெட்டியின் பெயர், பின்சாய்வுக்கோடு, யூசர் என்ற வரிசையில் எழுதினால் குழப்பம் வராது. கடைசியாகக் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இல்லாவிட்டால் பழைய இணைப்பு உயிரோடு இருந்து 1219 காட்டும்.

டிரைவைத் திரும்ப மேப் செய்யும்போது பழைய எழுத்தையே கொடுங்கள். கோரல்டிரா, பேஜ்மேக்கர் ஃபைல்களில் இணைத்த படங்கள் இசட் டிரைவில் இருப்பதாகப் பதிவாகியிருக்கும். ஒய் என்று மாற்றினால் பழைய பத்திரிகை ஒவ்வொன்றையும் திறக்கும்போது படம் எங்கே என்று கேட்கும்.

பாஸ்வேர்டில் நடக்கும் குளறுபடி

முன்பு கம்ப்யூட்டரின் யூசர் நேமும் பாஸ்வேர்டும் நாஸில் இருப்பதும் ஒன்றாக இருந்திருக்கலாம். அப்போது விண்டோஸ் கேட்காமலே உள்ளே விடும். விண்டோஸ் 11-ஐப் புதிதாக இன்ஸ்டால் செய்து மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டில் நுழைந்தால் அந்த ஒற்றுமை போய்விடும். நாஸுக்கு உங்கள் மின்னஞ்சல் யாரென்றே தெரியாது. அங்கே கொடுக்க வேண்டியது நாஸில் உருவாக்கிய யூசர் நேமும் அதன் பாஸ்வேர்டும்தான். கம்ப்யூட்டரைத் திறக்கும் நான்கு இலக்கப் பின் நெட்வொர்க்கில் எங்கேயும் செல்லாது.

எல்லைப் பக்கத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்று கீபோர்டும் வைத்திருப்பவர்களுக்கு, அப்கிரேடுக்குப் பின் முதலில் வரும் கீபோர்டு மாறியிருக்கலாம். பாஸ்வேர்டு கட்டத்தில் தெரிவது வெறும் புள்ளிகள். நீங்கள் ஆங்கிலம் என்று நினைத்து அடிப்பது மலையாளத்தில் விழுந்துகொண்டிருக்கும். கட்டத்தின் ஓரத்தில் உள்ள கண் படத்தை அழுத்திப் பாருங்கள். விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும்.

திரும்பத் திரும்ப முயற்சி செய்வதும் நல்லதல்ல. சில பெட்டிகள் பல முறை தப்பான பாஸ்வேர்டு வந்தால் அந்தக் கம்ப்யூட்டரின் முகவரியையே தடுத்துவிடும். அப்புறம் சரியான பாஸ்வேர்டும் ஏறாது. நிர்வாகப் பக்கத்தில் பாதுகாப்புப் பகுதியில் தடைப் பட்டியல் இருக்கும். போனில் திறந்து அதிலிருந்து முகவரியை நீக்குங்கள்.

எஸ்.எம்.பி. 1-ஐத் திரும்பப் போட்டுவிட்டு மறந்துவிடுவது

இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் யோசனை இது. 'விண்டோஸ் ஃபீச்சர்ஸ்' போய் எஸ்.எம்.பி. 1-ஐ டிக் செய், திறந்துவிடும். திறக்கும், உண்மை. ஆனால் 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாகிரை வைரஸ் பரவியது எஸ்.எம்.பி. 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். பாலக்காடு ரயில்வே கோட்ட அலுவலகக் கம்ப்யூட்டர்களும் வயநாட்டில் தரியோடு பஞ்சாயத்து அலுவலகக் கம்ப்யூட்டர்களும் அதில் மாட்டின. ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் மற்ற கம்ப்யூட்டர்களுக்கு அது தானாகத் தாவும். நாஸில் இருக்கும் ஃபைல்களையும் ஒரே மூச்சில் பூட்டிவிடும்.

முதலில் நாஸின் நிர்வாகப் பக்கத்தில் ஃபர்ம்வேரை (பெட்டியை இயக்கும் உள் மென்பொருளை) அப்டேட் செய்யுங்கள். சைனாலஜி கம்பெனிப் பெட்டியில் ஃபைல் சர்வீசஸ், எஸ்.எம்.பி., அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் குறைந்தபட்சம் எஸ்.எம்.பி. 2, அதிகபட்சம் எஸ்.எம்.பி. 3 என்று வையுங்கள். மற்ற கம்பெனிப் பெட்டிகளிலும் இதற்கு இணையான இடம் இருக்கும். பல பெட்டிகளில் புது நெறிமுறைக்கான வசதி இருந்தும் அது ஆன் செய்யப்படாமலே கிடக்கிறது.

ரவுட்டரின் பின்னால் யு.எஸ்.பி. டிஸ்க் செருகிப் பயன்படுத்துபவர்களுக்கும் மிகப் பழைய பெட்டிகளுக்கும் இந்த வழி இல்லாமல் போகலாம். அப்போது டிக் செய்யுங்கள், ஆனால் 'கிளையன்ட்' என்ற ஒன்றை மட்டும். 'சர்வர்' வேண்டாம். ஃபைல்களை எல்லாம் வெளி டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். அந்த டிஸ்க் ஃபேட்32-ஆக இருந்தால் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட கல்யாண வீடியோ ஏறாது, எக்ஸ்ஃபேட்டோ என்.டி.எஃப்.எஸ்.ஸோ வேண்டும். நகல் முடிந்ததும் டிக்கை எடுத்துவிட்டுப் புதுப் பெட்டிக்கு மாறுங்கள். கையொப்பக் கட்டாயத்தையும் கெஸ்ட் தடையையும் குரூப் பாலிசியில் தளர்த்துவதற்கும் இதே விதிதான்: நகல் எடுக்கும்வரை மட்டும்.

சின்னச் சின்னதாக இன்னும் சில

எக்ஸ்புளோரரில் இசட் டிரைவ் தெரிகிறது, ஒரு சாஃப்ட்வேரில் மட்டும் தெரியவில்லை என்றால் அந்த சாஃப்ட்வேர் 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' ஆக ஓடுகிறதா பாருங்கள். சாதாரண யூசராக மேப் செய்த டிரைவ் அட்மின் நிலையில் ஓடுவதற்குத் தெரியாது. 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' டிக்கை எடுத்துவிட்டால் போதும்.

காலையில் ஆன் செய்ததும் 'எல்லா டிரைவும் இணையவில்லை' என்று வந்து, டபுள் கிளிக் செய்தால் திறந்துகொண்டால் அது கோளாறு அல்ல. வைஃபை இணைவதற்குள் விண்டோஸ் டிரைவைத் தேடிவிட்டது. கேபிளுக்கு மாறினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

ஜெராக்ஸ் மெஷினில் ஸ்கேன் செய்தது கம்ப்யூட்டர் ஃபோல்டருக்கு வருவது நின்றுபோனதா? உள்ளே வரும் இணைப்புக்கும் இப்போது கையொப்பம் கட்டாயம், பழைய மெஷின்களுக்கு அது தெரியாது. கம்ப்யூட்டரின் பூட்டைத் தளர்த்துவதைவிட, ஸ்கேன் போய்ச் சேரும் இடத்தை நாஸின் ஒரு தனி ஷேருக்கு மாற்றி, அதற்கு மட்டும் எழுதும் அனுமதி உள்ள யூசர் ஒன்றை மெஷினில் பதிவு செய்யுங்கள். மெஷினுக்கு எஸ்.எம்.பி. 2 தெரியாவிட்டால் பென் டிரைவில் ஸ்கேன் எடுப்பதோ மின்னஞ்சலுக்கு அனுப்புவதோ மேல்.