கூட்டமைப்பில் சேரப் போகும் சங்கங்களுக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மூன்று இளைஞர்கள் என் முன்னால் காகிதக் கோப்பு ஒன்றை வைத்தார்கள். வெள்ள நிவாரணச் சங்கம் ஒன்று நடத்துகிறார்கள். செம்பனைத் தோட்டங்களில் மிஞ்சியிருக்கும் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களுக்கு அரிசியும் போர்வையும் கொண்டுபோகிறார்கள், நல்ல பிள்ளைகள். அனைத்துலக மனிதநேயக் கூட்டமைப்பு ஒன்றில் உறுப்பியம் பெற வேண்டுமாம். கோப்பின் முதல் பக்கத்திலேயே அந்தக் கூட்டமைப்பின் சின்னத்தை வண்ணத்தில் அச்சடித்திருந்தார்கள். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நானும் இதையேதான் செய்தேன்.

படிவத்தில் கையெழுத்து விட்டுப்போவது, தேதி மாறிப்போவது போன்றவற்றைச் சொல்லப் போவதில்லை. அவற்றை யாராவது திருத்திக் கொடுத்துவிடுவார்கள்.

எந்த வாசல் என்று பார்க்காமல் தட்டுவது

செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்களின் அனைத்துலகச் சம்மேளனத்தில் நேரடியாகச் சேரலாமா என்று ஆண்டுக்கு ஒருவராவது என்னிடம் கேட்கிறார். முடியாது. 1919இல் தொடங்கிய அந்தச் சம்மேளனத்தில் ஒரு நாட்டுக்கு ஒரு தேசியச் சங்கம்தான். அந்தச் சங்கத்தையும் முதலில் ஜெனீவாவிலுள்ள அனைத்துலகச் செஞ்சிலுவைக் குழு அங்கீகரிக்க வேண்டும், பிறகுதான் சம்மேளனம் சேர்த்துக்கொள்ளும். மலேசியாவுக்கான இடம் எப்போதோ நிரம்பிவிட்டது. அந்தப் பணியில் ஆர்வம் இருந்தால் மாநிலக் கிளையில் தொண்டராகச் சேருங்கள்.

கூட்டமைப்புகளின் கதை வேறு. ஆக்ஸ்ஃபாமை எடுத்துக்கொள்ளுங்கள். 1942இல் ஆக்ஸ்ஃபோர்டு நகரத்தில் பஞ்ச நிவாரணத்துக்காகக் கூடிய ஒரு குழு அது. வெவ்வேறு நாடுகளின் தனித்தனி அமைப்புகள் ஒன்று சேர்ந்து 1995இல்தான் அனைத்துலகக் கூட்டமைப்பானது. ஒவ்வோர் உறுப்புக்கும் சொந்த நிர்வாகக் குழு, சொந்தப் பதிவு. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சின்னத்தை முன்கூட்டியே போட்டுக்கொள்வது

செய்யாதீர்கள். பெயரும் சின்னமும் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரே உதாரணம்: இஸ்ரேலில் செஞ்சிலுவைச் சங்கத்தின் பணியைச் செய்யும் மாகேன் டேவிட் அடோம் 1930இல் தொடங்கியது. அதன் சிவப்பு நட்சத்திரத்தை ஏற்பதா என்ற வாக்குவாதம் பல பத்தாண்டுகள் இழுத்தது. 2005இல் சிவப்புப் படிகம் என்ற பொதுச் சின்னத்துக்கு வழி செய்யும் நெறிமுறை வந்த பிறகு, 2006இல்தான் அது சம்மேளனத்துக்குள் வந்தது. பாலஸ்தீனச் செம்பிறைச் சங்கமும் அப்போதுதான் சேர்ந்தது.

இரண்டு சட்டவிதிகள்

இதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

நாங்கள் மனுச் செய்த கூட்டமைப்பு, சங்கத்தை நடத்தும் விதிகளின் தொகுப்பான சட்டவிதிக்கு மாதிரி ஒன்றை அனுப்பியது. தலைவர் இத்தனை தவணைக்கு மேல் இருக்கக் கூடாது, சங்கம் கலைந்தால் சொத்து இதே பணி செய்யும் வேறோர் அமைப்புக்குப் போக வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. நியாயமான விதிகள்தாம். ஒரு சனிக்கிழமை இரவில் நானே உட்கார்ந்து அதை எங்கள் பெயருக்கு மாற்றித் தட்டச்சு செய்தேன். செயலவையில் ஐந்து பேர் தலையசைத்தார்கள். அனுப்பிவிட்டோம். சங்கப் பதிவிலாகாவின் முத்திரையோடு மலாய் மொழியில் இருந்த எங்கள் உண்மையான சட்டவிதி, பிஸ்கட் டின்னுக்குள் அப்படியே கிடந்தது.

கூட்டமைப்பின் சார்பில் மதிப்பீட்டுக்கு இரண்டு பேர் ஈப்போவிலிருந்து பஸ்ஸில் வந்தார்கள். அவர்களில் ஓர் அம்மையார் பசியாறி முடித்ததும் முத்திரையிட்ட படியைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். இரண்டையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். கலைப்பு விதியில் விரல் நின்றது. ஒன்றில் சொத்து நிவாரண அமைப்புக்கு, இன்னொன்றில் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு.

“இதில் எது உங்கள் சங்கம்?” என்று கேட்டார்.

எங்கள் பொருளாளர் ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிராணி. “இரண்டுமே எங்களுடையதுதான் அம்மா,” என்றார் கையைக் கட்டிக்கொண்டு. அதோடு மனு தூங்கப் போனது.

அந்த அம்மையார் கேட்டதில் தவறே இல்லை. கூட்டமைப்பு நமக்கு மேலதிகாரி இல்லை, நாம் அதன் கிளையும் இல்லை. நாளைக்கு நம்மிடம் நிதி மோசடி நடந்தால் அவர்கள் பிடித்துக்கொள்ள இருக்கும் ஒரே கயிறு நம் பதிவான சட்டவிதிதான். 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி, பதிவிலாகா ஏற்காத திருத்தம் செல்லாது. நான் அனுப்பிய பதினான்கு பக்கமும் வெறும் காகிதம்.

பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தோம். பொதுக்கூட்டத்துக்கு அறிவிப்புக் கொடுத்து, திருத்தத்தை நிறைவேற்றி, 60 நாளுக்குள் பதிவிலாகாவுக்கு மனுச் செய்து, காத்திருந்தோம். கோயில் தலைவரைச் சமாதானம் செய்ததுதான் இதில் கடினமான வேலை, அது தனிக் கதை. ஒப்புதல் வந்தபோது புதிய உறுப்புகளைச் சேர்க்கும் கூட்டமைப்பின் பேரவை கூடி முடிந்திருந்தது. இடையில் ஒரு வெள்ளம். அவசர நிதி உறுப்புகளுக்கு மட்டும் என்று பதில் வந்தது. அந்த முறை மெத்தைகளை நாங்கள் கடனுக்குத்தான் வாங்கினோம்.

வரிசை இதுதான்: வரைவை முதலில் கூட்டமைப்பின் செயலகத்தோடு பேசுங்கள், பிறகு பொதுக்கூட்டம், பிறகு பதிவிலாகா, கடைசியில்தான் உறுப்பிய மனு. வெளிநாட்டுத் தொடர்பைத் தடுத்து உத்தரவிடப் பதிவதிகாரிக்கு அதிகாரம் உண்டு. அதனால் எதையும் மறைத்துச் செய்யாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தை ஆண்டறிக்கையில் காட்டுங்கள்.

அரிசிப் பையில் அரசியல்வாதியின் முகம்

1994இல் வந்த பேரிடர் நிவாரண நடத்தை நெறியில் பத்து விதிகள். உதவியை அரசியல், சமயக் கருத்துகளைப் பரப்பப் பயன்படுத்தக் கூடாது என்பது மூன்றாவது. நன்கொடை தந்தவர் படம் போட்டே தீருவேன் என்றால் அரிசியைத் திருப்பிக் கொடுங்கள். நாங்கள் ஒருமுறை கொடுத்தோம், நாற்பது மூட்டை.

தணிக்கை இல்லாத கணக்கு

கொண்டுபோகாதீர்கள்.

எல்லாக் கடிதமும் ஒருவரின் சொந்த மின்னஞ்சலில்

அவர் கோபித்துக்கொண்டு போனால் சங்கமே போய்விடும்.

அந்த இளைஞர்களிடம் முத்திரையிட்ட சட்டவிதியைக் கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். “தலைவரிடம் இருக்கிறது ஐயா,” என்றான் ஒருவன். தலைவர் எங்கே என்றேன். சிங்கப்பூரில் வேலை கிடைத்து ஏழு மாதமாகிறதாம்.