ஹாஸ்கெல், ஓகேமல், எலிக்சிர் உங்க ஓஎஸ்ல ஓடுமான்னு முன்னாடியே பார்க்குறது எப்படி?

ஹாஸ்கெல், ஓகேமல், எலிக்சிர் மாதிரி ஃபங்ஷனல் லாங்குவேஜ் எது எடுத்தாலும் அதோட சைட்ல "லினக்ஸ், மேக், விண்டோஸ் சப்போர்ட் உண்டு"ன்னு போட்டிருக்கும். அதை மட்டும் நம்பி இறங்கிடாதீங்க. அந்த ஒரு வரிக்குள்ள மூணு கேள்வி இருக்கு, கம்பைலர் நம்ம மெஷின்ல ஓடுதா, அது பில்ட் பண்ணிக் கொடுக்குற புரோகிராம் சர்வர்ல ஓடுதா, நமக்கு வேண்டிய லைப்ரரி எல்லாம் பில்ட் ஆகுதா. மூணுக்கும் பதில் வேற வேறயா இருக்கலாம்.

முதல்ல டெர்மினல்ல யூநேம் கமாண்டை ஹைபன் எம் போட்டு அடிச்சு ப்ராசஸர் எதுன்னு பாருங்க, இன்டெல் வகையா ஆர்ம் வகையான்னு. மேக்ல எம்1க்கு அப்புறம் வந்ததெல்லாம் ஆர்ம், கிளவுட்லயும் ஆர்ம் சர்வர் இப்ப சகஜம். ஹாஸ்கெல்ல இது ரொம்ப முக்கியம், ஏன்னா அதோட கம்பைலர் ஜிஹெச்சியோட 9.2 வெர்ஷன் (2021) வர்ற வரைக்கும் 64-பிட் ஆர்முக்குன்னு மெஷின் கோட் எழுதித் தர்ற சொந்த ஜெனரேட்டர் கிடையாது, எல்எல்விஎம்ங்குற வேற கம்பைலர் டூலை தனியா போட்டு அது வழியா போகணும், கம்பைல் டைம் இழுத்துடும். அதனால பழைய ப்ராஜெக்ட் ஏதாவது ஜிஹெச்சி 8.10ல நிக்குதுன்னா ஆர்ம் மெஷினுக்கு மாத்துறதுக்கு முன்னாடி கம்பைலரை ஏத்திடுங்க. இன்ஸ்டால் பண்ண ஜிஹெச்சிஅப்ங்குற இன்ஸ்டாலர் போதும், உபுண்டு மாதிரி லினக்ஸ் டிஸ்ட்ரோ தர்ற பேக்கேஜ் பெரும்பாலும் பழசா இருக்கும்.

ஓகேமல்ல கதை வேற. 2022 டிசம்பர்ல வந்த 5.0ல மல்டிகோருக்காக ரன்டைமையே மாத்தி எழுதினாங்க, அதுல 32-பிட் ப்ராசஸருக்கு நேரா மெஷின் கோட் தர்ற நேட்டிவ் கம்பைலர் போயிடுச்சு, இன்டர்பிரட்டர்ல ஓடுற பைட்கோட் மட்டும்தான் மிச்சம். கையில 32-பிட் போர்டு இருந்தா 4.14லயே இருங்க, தப்பே இல்ல. விண்டோஸ்காரங்க ஓகேமலோட பேக்கேஜ் மேனேஜர் ஓபாம் 2.2 (2024) இல்ல அதுக்கு மேல போடுங்க, அதுலதான் விண்டோஸ் சப்போர்ட் நேரடியாவே வந்துச்சு, அதுக்கு முன்னாடி விண்டோஸ்குள்ள லினக்ஸ் மாதிரி சூழல் தர்ற சிக்வின், டபிள்யூஎஸ்எல்னு சுத்த வேண்டியிருந்துச்சு.

குளோஷர், ஸ்காலா ரெண்டும் ஜாவாவோட விஎம்மான (வர்ச்சுவல் மெஷின்) ஜேவிஎம் மேல, எஃப்ஷார்ப் மைக்ரோசாஃப்ட்டோட டாட்நெட் மேல. ஓஎஸ் வித்தியாசத்தை கீழ இருக்குற விஎம் பார்த்துக்கும், சர்வர்ல ஜாவா வெர்ஷன் சரியா இருந்தா ஜார் ஃபைலை அப்படியே தூக்கிப் போடலாம். விண்டோஸ்ல தலைவலி வேண்டாம்னு நினைக்கிறவங்களுக்கு நான் எஃப்ஷார்ப்தான் சொல்லுவேன்.

எலிக்சிரும் எர்லாங்கும் பீம் விஎம்ல ஓடுறதால அங்கயும் அப்படித்தான்னு தோணும், ஆனா சர்வருக்கு அனுப்புற பேக்கேஜை உருவாக்குற மிக்ஸ் ரிலீஸ் கமாண்ட் போட்டா அந்த விஎம்மும் சேர்ந்தே பேக் ஆகும், அதனால மேக்ல போட்ட ரிலீஸ் லினக்ஸ் சர்வர்ல ஓடவே ஓடாது, பில்ட் பண்ற இடமும் ஓடுற இடமும் ஒரே ஓஎஸ், ஒரே ப்ராசஸரா இருக்கணும். பாஸ்வேர்ட் ஹேஷ் பண்ற பீகிரிப்ட் மாதிரி லைப்ரரிக்குள்ள சி கோட் இருக்கும், அதுக்கு சி கம்பைலரும் வேணும்.

இப்ப எல்லாரும் மாட்டிக்கிற இடம். உபுண்டு 22.04ல ஹாஸ்கெல் புரோகிராம் பில்ட் பண்றீங்க, வந்த பைனரியை (ஓடுற ஃபைலை) 20.04 சர்வருக்கு காப்பி பண்ணி ஓட்டுறீங்க, ஜிலிப்சி (லினக்ஸோட அடிப்படை சி லைப்ரரி) 2.34 இல்லைன்னு எரர் வந்து நிக்கும். 22.04ல இருக்குறது 2.35, 20.04ல 2.31. அதுலயும் 2.34ல த்ரெட் லைப்ரரியை மெயின் லைப்ரரிக்குள்ளயே சேர்த்தாங்க, புரோகிராம் ஸ்டார்ட் ஆகுற கோடையும் மாத்தினாங்க, அதனால சின்ன புரோகிராம் கூட அந்த வெர்ஷனைக் கேட்கும். சர்வர்ல ஜிலிப்சியை அப்டேட் பண்ணி சரி பண்ணலாம்னு மட்டும் போயிடாதீங்க ப்ளீஸ், மொத்த சிஸ்டமும் அதை நம்பித்தான் ஓடுது. சர்வர்ல எந்த டிஸ்ட்ரோ இருக்கோ அதே வெர்ஷன் உள்ள டாக்கர் கன்டெய்னருக்குள்ள (தனியா பிரிச்சு வச்ச குட்டி லினக்ஸ் சூழல்) பில்ட் பண்ணுங்க. பழசுல பில்ட் பண்ணது புதுசுல ஓடும், புதுசுல பண்ணது பழசுல ஓடும்னு சொல்ல முடியாது. இல்லைன்னா ஆல்பைன்ங்குற சின்ன டிஸ்ட்ரோவோட கன்டெய்னர்ல, ஜிலிப்சிக்கு பதிலா அதுல இருக்குற மசல் (musl) சி லைப்ரரி வச்சு முழு ஸ்டேட்டிக்கா, அதாவது எல்லா லைப்ரரியும் பைனரிக்குள்ளயே இருக்குற மாதிரி பில்ட் பண்ணிடுங்க, ஹாஸ்கெலோட பில்ட் டூல் கபால்ல அதுக்கு ஆப்ஷனே இருக்கு. பண்ணி முடிச்சதும் பைனரி மேல எல்டிடி கமாண்டை (ldd, வெளி லைப்ரரி எது வேணும்னு காட்டும்) அடிச்சுப் பாருங்க, லைப்ரரி பேர் எதுவும் வரலைன்னா அது உண்மையிலேயே ஸ்டேட்டிக்.

கடைசியா லோக்கேல், அதாவது சிஸ்டத்தோட மொழி, எழுத்து செட்டிங். தமிழ் எழுத்து உள்ள ஒரு ஃபைலை ஹாஸ்கெல்ல படிக்கிறீங்க, லேப்டாப்ல நல்லா ஓடின அதே கோட் டாக்கர்ல பைட் சீக்வென்ஸ் தப்புன்னு செத்துடும். கோட்ல தப்பு தேடாதீங்க. கன்டெய்னர்ல லாங் (LANG)ங்குற என்விரான்மென்ட் வேரியபிள் செட் ஆகியிருக்காது, அதனால சிஸ்டம் வெறும் ஆஸ்கின்னு (ஆங்கில எழுத்து மட்டும்) எடுத்துக்குது. டாக்கர்ஃபைல்ல லாங் வேரியபிளுக்கு சி.யூடிஎஃப்-8னு ஒரு வரி போட்டா சரியாகிடும், எலிக்சிர் ஸ்டார்ட் ஆகும்போது லேட்டின்1னு காட்டுற வார்னிங்கும் அதே வரியில போயிடும்.