பழைய படத்தில் நிற்கும் இராணுவ லொறி எந்தப் படைப்பிரிவுடையது? கண்டுபிடிக்கும் முறை

கொழும்பில் எத்தனையோ வீட்டு அலுமாரிகளில் இரண்டாம் உலகப் போர்க்காலப் படங்கள் இன்னும் கிடக்கின்றன. பின்பக்கத்தில் ‘யுத்த காலம்’ என்று மட்டும் எழுதியிருக்கும். எங்கள் வீட்டுப் படத்தில் அம்மாவின் தாத்தா ஓர் இராணுவ லொறியின் பக்கத்தில் நிற்கிறார். அந்த லொறி யாருடையது என்று தேடித்தான் இதைக் கற்றுக்கொண்டேன். கையில் அப்படி ஒரு படம் இருந்தால் இந்த வழியில் போய்ப் பாருங்கள்.

1. நல்ல ஸ்கேன்

ஃபோனில் எடுத்த படம் போதாது. 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்து டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். பெரிதாக்கிப் பார்க்க கிம்ப் என்ற இலவச மென்பொருள் போதும், காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். கறுப்பு வெள்ளைப் படத்துக்குத் தானாக நிறம் பூசும் செயலிகளை மட்டும் தொடவே வேண்டாம். அவை காட்டும் நிறம் ஊகம்தான். இந்த வேலையில் பொய் நிறம் நம்மை வேறு படைப்பிரிவுக்கே கொண்டுபோய் விட்டுவிடும்.

2. பார்த்ததை வரையுங்கள்

பெயர் தேடுவதற்கு முன் பென்சிலால் வரையுங்கள். எந்தக் குறி எந்த இடத்தில் இருக்கிறது, வட்டமா சதுரமா, மேல் பாதி கருமையா கீழ் பாதி கருமையா என்பதெல்லாம் தாளில் வரட்டும். பெயர் மனதில் விழுந்துவிட்டால் கண் அதற்கேற்றபடி பார்க்கத் தொடங்கிவிடும்.

3. எந்த நாட்டு வண்டி?

அமெரிக்க வண்டியென்றால் பம்பரைப் பார்த்தால் போதும். நமக்கு இடப்பக்கம் டிவிஷன் (பெரிய படைப்பிரிவு) எண்ணும் அதற்குள் அடங்கும் ரெஜிமென்ட் எண்ணும் இருக்கும், வலப்பக்கம் கம்பனி எழுத்தும் வண்டி எண்ணும். கவச (டாங்கி) டிவிஷன் என்றால் எண்ணோடு ஒரு சின்ன முக்கோணம் இருக்கும். ஜெர்மன் வண்டியின் எண் தகட்டில் டபிள்யூஎச் என்றால் தரைப்படை, டபிள்யூஎல் என்றால் விமானப்படை, டபிள்யூஎம் என்றால் கடற்படை.

இலங்கையில் எடுத்த படங்களில் பெரும்பாலும் பிரித்தானியப் பாணிக் குறிகள்தான். பொனட்டின் பக்கத்தில் எல் அல்லது இசட் எழுத்தோடு பெரிதாக ஓர் எண் தெரியும். எல்லோரும் முதலில் பிடித்துக்கொள்வது இதைத்தான். அது வண்டியின் பதிவெண், எல் என்றால் லொறி, சி என்றால் மோட்டார் சைக்கிள். படைப்பிரிவைப் பற்றி அது எதுவும் சொல்லாது. மஞ்சள் வட்டத்தில் உள்ள கறுப்பு எண்ணும் அப்படித்தான். பாலங்களைக் கடக்கும்போது வண்டியின் பார வகையை அறியப் போட்டது அது.

4. சின்னமும் சதுரமும்

தேட வேண்டியவை இரண்டு. ஒன்று டிவிஷன் சின்னம். மற்றது எண் எழுதிய நிறச் சதுரம். சின்னம் டிவிஷனைச் சொல்லும், சதுரத்தின் நிறமும் எண்ணும் அதற்குள் எந்தப் பிரிவு என்று சொல்லும். இரண்டும் சேர்ந்தால்தான் விடை. சிவப்புச் சதுரத்தில் 51 என்பது பாலைவன எலிச் சின்னத்தோடு வந்தால், போரின் பிற்பகுதியில், 7ஆவது கவச டிவிஷனின் 1ஆவது அரச டாங்கி ரெஜிமென்ட். அதே 51 கண் சின்னத்தோடு வந்தால் கார்ட்ஸ் கவச டிவிஷனின் கிரெனடியர் கார்ட்ஸ்.

எங்கள் படத்தில் மட்கார்ட் ஓரத்தில் கருமையான ஒரு திட்டுதான் தெரிந்தது. பெரிதாக்கினால் கீழ்நோக்கிய முகம், மூக்கின் மேல் கொம்பு. காண்டாமிருகத் தலை 11ஆவது கிழக்கு ஆப்பிரிக்க டிவிஷனின் சின்னம். அந்த டிவிஷன் 1943இல் இலங்கைக்கு வந்து, அடுத்த ஆண்டு பர்மாப் போர்முனைக்குப் போனது. ஆக, படத்தின் காலமும் ஏறக்குறைய ஓராண்டுக்குள் அடங்கிவிட்டது. தீயிலிருந்து எழும் ஃபீனிக்ஸ் தெரிந்தால் அது தென்கிழக்காசியக் கட்டளையகம். 1944 ஏப்ரலில் அதன் தலைமையகம் கண்டிக்கு வந்தது.

5. நிறம்: இங்கே நிதானமாக

இந்தப் படியில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன். அந்தக் காலத்தில் பரவலாக விற்ற பல ஃபிலிம்கள் சிவப்பை உணராதவை. கொடாக்கின் வெரிக்ரோம் 1956 வரை அப்படித்தான் இருந்தது. அந்த வகை ஃபிலிமில் சிவப்பு கறுப்பாக விழும், நீலம் வெளிறிப் போகும், மஞ்சளும் நாம் நினைப்பதைவிட இருண்டுவிடும்.

இதன் விளைவைப் பாருங்கள். பீரங்கிப் படையின் சதுரம் மேலே சிவப்பு, கீழே நீலம். படத்தில் அது கறுப்பும் வெளிர் சாம்பலுமாக நிற்கும். சமிக்ஞைப் படையின் சதுரம் மேலே வெள்ளை, கீழே நீலம். நீலம் வெளிறிவிட்டால் நடுக்கோடே மறைந்து முழு வெள்ளைச் சதுரம் போலத் தெரியும். கறுப்பாகத் தெரியும் சதுரமும் தலைமையகத்தின் கறுப்பாக இருக்கலாம், மூத்த காலாட் பிரிகேட்டின் சிவப்பாகவும் இருக்கலாம்.

என்ன செய்வது? அதே படத்தில் நிறம் உறுதியாகத் தெரிந்த பொருளொன்றைத் தேடுங்கள். சிவப்புத் தபால் பெட்டி, பிரித்தானியக் கொடி, அந்த மஞ்சள் பால வட்டம், எதுவாயினும் சரி. தபால் பெட்டி தார் போலக் கறுத்திருந்தால் ஃபிலிம் எந்த வகை என்பது தெரிந்துவிடும். அப்புறம் மற்ற நிறங்களைக் கணியுங்கள்.

6. தலைக்கவசம்

படத்தில் உள்ளவர்களின் தலைக்கவசத்திலும் குறிகள் இருக்கலாம். அமெரிக்க 101ஆவது வான்வழி டிவிஷன் அதில் சீட்டுக்கட்டுக் குறிகளைப் பயன்படுத்தியது. ஸ்பேட் 506, ஹார்ட் 502, டயமண்ட் 501 ஆவது பாரசூட் ரெஜிமென்ட்கள், கிளாவர் 327ஆவது கிளைடர் ரெஜிமென்ட். பக்கத்தில் உள்ள சிறு கோட்டைக் கடிகார முள்ளாக எண்ணுங்கள். 3 மணியில் நின்றால் 1ஆவது பட்டாலியன், 6இல் 2ஆவது, 9இல் 3ஆவது. ஜெர்மன் தரைப்படைக் கவசத்தில் மூவர்ணக் கேடயத்தை 1940இலும் கழுகை 1943இலும் கைவிட உத்தரவிட்டார்கள். ஆனாலும் பழைய கவசங்கள் தொடர்ந்து பாவனையில் இருந்ததால் குறியை மட்டும் வைத்து ஆண்டைத் தீர்மானிக்க முடியாது.

கவசத்தை விலைக்கு வாங்குவதென்றால் பத்து மடங்கு உருப்பெருக்கும் லென்ஸோடு போங்கள். கீறல் குறியையும் வெட்டிக்கொண்டு போக வேண்டும். கீறலின் பள்ளத்துக்குள் குறியின் பெயின்ட் இறங்கியிருந்தால், கீறலுக்குப் பிறகு வரைந்தது அது.

7. சரிபார்த்தல்

கொழும்பு லிவரமெந்து மயானத்தில் போர்க்காலக் கல்லறைகள் உள்ளன. கற்களில் பிரிவின் பெயரும் இறந்த திகதியும் பொறித்திருக்கும். நீங்கள் கண்டுபிடித்த பிரிவு அந்த மாதங்களில் இங்கே இருந்ததா என்று பார்க்க நல்ல துணை. பத்திரிகையில் வந்த படமென்றால் கவனம், தணிக்கைக்காரர்கள் சின்னங்களைச் சுரண்டி அழிப்பதுண்டு. வெறுமையான மட்கார்டை வைத்துச் சின்னமில்லாத பிரிவு என்று முடிவு கட்டாதீர்கள்.

பிற்சேர்க்கை: வாசகர் ஒருவர் அனுப்பிய படத்தில் எந்தக் குறியும் எதோடும் பொருந்தவில்லை. நெகட்டிவைத் திருப்பிப் போட்டுப் பிரதி எடுத்திருந்தார்கள். எழுத்துகள் மங்கலாக இருந்தால் சட்டைப் பொத்தானைப் பாருங்கள். ஆண்களின் சட்டையில், போட்டிருப்பவரின் இடப்பக்கத் துணி மேலே வரும். மாறியிருந்தால் படத்தைக் கிம்பில் இடவலமாகத் திருப்பிவிட்டு, இரண்டாம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.